வீட்டுக் கணினியில் அழையா விருந்தாளி

நம் பாட்டிமார் காலத்தில் ஒரு குடும்பத்தின் அருமையான பொருள்கள் யாவும் ஒரு தகரப் பெட்டிக்குள் அடங்கியிருந்தன. நிலப் பத்திரம், திருமுழுக்குச் சான்று, கல்யாணத்தன்று எடுத்த ஒரே ஒரு புகைப்படம், சீட்டுக் கணக்கு எழுதிய குறிப்பேடு ஆகிய இவற்றின்மேல் ஒரு பூட்டு. அந்தப் பூட்டின் சாவி பாட்டியின் இடுப்பில் இருக்கும். இன்று அப்பெட்டியின் இடத்தைக் கூடத்து மூலையில் துணி போர்த்தி வைத்திருக்கும் கணினி பிடித்துக்கொண்டது. பிள்ளையின் மதிப்பெண் பட்டியலும், வங்கிக் கணக்கும், முதல் நற்கருணை விழாவில் எடுத்த முந்நூறு படங்களும் அதற்குள்தான் இருக்கின்றன. ஆனால் அதன் சாவி யார் கையில் இருக்கிறது என்று கேட்டால், பல இல்லங்களில் விடை கிடைப்பதில்லை.

மதுரையிலிருந்து தென்காசிக்குச் செல்லும் சாலையில், மேற்கு மலைத்தொடரின் நிழலில், ஏறத்தாழ 12 கிலோமீட்டர் இடைவெளியில் நிற்கும் இரட்டை ஊர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரும் இராஜபாளையமும். ஒன்றுக்குக் கோபுரமும் பால்கோவாவும் புகழ். மற்றொன்றுக்கு நூற்பாலைகளும் வெள்ளை வேட்டை நாயும் புகழ். இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெசவாகிறது. இத்தகைய ஊர்களில் வீடும் தொழிலும் தனித்தனியே இருப்பதில்லை. தறிக்கு நூல் வாங்கிய கணக்கும், இனிப்புக் கடையின் சரக்கு சேவை வரிக் கணக்கும், மகள் எழுதப்போகும் தேர்வாணைய விண்ணப்பமும் ஒரே கணினியில் கிடக்கின்றன. 2011-ஆம் ஆண்டு தமிழக அரசு மேல்நிலை மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபின், அதுவரை கணினியையே காணாத இல்லங்களிலும் அது நுழைந்தது. அது நல்ல காரியமே. ஆனால் கணினியைக் கொடுத்தவர் எவரும், அதற்கு நோய் கண்டால் என்ன செய்வது என்று தாய் தந்தையர்க்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அக்குறையை இங்கே இயன்ற அளவு நிரப்ப முயல்வோம்.

தீநிரல் என்பது என்ன?

கணினிக்குள் நடப்பவை யாவும் நிரல்களின் வேலை. கடிதம் எழுத ஒரு நிரல், படம் பார்க்க ஒரு நிரல் என்பதுபோல, தீங்கு செய்வதற்கென்றே எழுதப்பட்ட நிரலும் ஒரு நிரலே. அதனைத் தீநிரல் என்கிறோம். பொதுமக்கள் எல்லாவற்றையும் 'வைரஸ்' என்றே சொல்வர். அதனால் பெரிய பிழையொன்றும் இல்லை. எனினும் தம்மைத் தாமே பிரதி எடுத்துப் பரவுபவை, ஒளிந்திருந்து வேவு பார்ப்பவை, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பவை, விளம்பரங்களைத் திணிப்பவை எனப் பல வகைகள் உண்டு என்பதை மட்டும் மனத்தில் கொள்ளுதல் நலம். ஏனெனில் வகைக்கு ஏற்ப மருந்தும் மாறும்.

இதன் வரலாற்றில் நமக்குப் பாடமாகும் ஒரு செய்தி உண்டு. ஐபிஎம் வகைக் கணினிகளில் பரவிய முதல் நச்சுநிரல் எனக் கருதப்படும் 'பிரெயின்', 1986-இல் பாகிஸ்தானின் லாகூர் நகரத்தில் பிறந்தது. பாசித், அம்ஜத் என்னும் அல்வி சகோதரர் இருவர் தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளைப் பிறர் திருட்டுத்தனமாகப் பிரதி எடுப்பதைக் கண்டறியவே அதனை எழுதியதாகச் சொன்னார்கள். தங்கள் கடையின் பெயரையும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அதற்குள்ளேயே பொறித்துமிருந்தனர்! நெகிழ் வட்டுகளின் வழியே அது கடல் கடந்து சென்றது. ஆக, முதல் நோயே திருட்டுப் பிரதியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் உலகைச் சுற்றியது. இன்றும் நிலை பெரிதும் மாறிவிடவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

கூடங்குளத்தில் நடந்தது

'நம்மைப் போன்ற எளிய குடும்பத்தின் கணினியில் எவனுக்கு என்ன அக்கறை?' என்று கேட்போர் உண்டு. இதற்கு மறுமொழி நம் தென் மாவட்டத்திலேயே இருக்கிறது. 2019 அக்டோபர் இறுதியில், கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணினியில் தீநிரல் புகுந்துவிட்டது என்ற செய்தி பரவிற்று. முதலில் நிலையத்தார், தங்கள் கட்டுப்பாட்டு அமைப்புகள் வெளியுலக இணைப்பு இல்லாதவை, அவற்றைத் தாக்க இயலாது என்று அறிக்கை விட்டனர். அடுத்த நாள், அக்டோபர் 30 அன்று, இந்திய அணுமின் கழகம் உண்மையை ஒப்புக்கொண்டது. நாட்டின் கணினி அவசர நடவடிக்கைக் குழுவான 'செர்ட்-இன்' செப்டம்பர் 4 அன்றே இதனைத் தெரிவித்ததாகவும், நிர்வாகப் பணிக்காக இணையத்தோடு இணைக்கப்பட்ட வலையமைப்பில் ஒரு பயனாளரின் கணினியில்தான் நோய் கண்டது எனவும், அது முக்கியமான உள் வலையமைப்பிலிருந்து பிரித்து வைக்கப்பட்டது எனவும் கழகம் கூறிற்று.

அத்தீநிரலின் பெயர் 'டிடிராக்' என ஆராய்ந்தோர் கூறினர். அதே ஆண்டு செப்டம்பரில் காஸ்பர்ஸ்கை நிறுவனம், இந்திய நிதி நிறுவனங்களிலும் ஆய்வு மையங்களிலும் இதனைக் கண்டதாக வெளியிட்டிருந்தது. அது எதையும் உடைப்பதில்லை, கூச்சலிடுவதும் இல்லை. விசைப்பலகையில் நாம் அழுத்தும் ஒவ்வோர் எழுத்தையும் குறித்துக்கொள்ளும். எந்த இணையதளங்களைப் பார்த்தோம் என்று திரட்டும். வட்டில் உள்ள கோப்புகளின் பட்டியலை எடுக்கும். பின்பு அனைத்தையும் எசமானனுக்கு அனுப்பும். கணினி எப்போதும்போல ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டுக் கணினிகளில் இந்நாளில் பெருகியிருக்கும் கடவுச்சொல் திருடும் நிரல்களும் இதே இனத்தைச் சேர்ந்தவைதாம். அவற்றை எழுதுவோர் நம்மைப் பெயர் சொல்லித் தேடி வருவதில்லை. வலையை அகல விரிக்கின்றனர்; அயிரை விழுந்தாலும் சரி, சுறா விழுந்தாலும் சரி.

கூடங்குளத்தில் உலையைக் காத்தது எது? உயர்ந்த மருந்து அன்று. இரண்டு வலையமைப்புகளுக்கு இடையே கம்பி இல்லாமையே காத்தது. இணைக்கப்படாததை இணையத்தின் வழியே தொட முடியாது. இக்கட்டுரையில் நாம் சொல்ல விரும்பும் தலையாய செய்தியும் இதுவே. ஆயினும் கம்பியில்லாத இடைவெளியையும் தாண்டச் செய்யும் பாலம் ஒன்று உண்டு. அது நம் சட்டைப் பையில் கிடக்கும் பென்டிரைவ். ஈரானின் நத்தான்ஸ் அணு நிலையத்தைத் தாக்கிய 'ஸ்டக்ஸ்நெட்' 2010-இல் வெளிப்பட்டபோது, இணையத் தொடர்பே இல்லாத கணினிகளுக்கும் அது பென்டிரைவ் மூலம் சென்றது தெரியவந்தது. இலக்கு ஈரான்தான்; ஆனால் ஈரானுக்கும் இந்தோனேசியாவுக்கும் அடுத்தபடியாக அது மிகுதியாகப் பரவிக் கிடந்த நாடு இந்தியா! பென்டிரைவைக் கைக்குக் கை மாற்றிக்கொள்ளும் நம் தாராள மனத்துக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நம் ஊர்களில் அதன் பயணத்தைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். பேருந்து நிலையத்தருகே உள்ள பிரவுசிங் சென்டரில் விண்ணப்பத்தை அச்சிட ஒரு பென்டிரைவ் செல்கிறது. அங்கிருந்து போட்டோ ஸ்டுடியோவுக்குத் திருமணப் படங்களை வாங்கி வரப் போகிறது. பிறகு ஜெராக்ஸ் கடை, பள்ளி, பக்கத்து வீடு. மாலையில் நம் கணினியில் வந்து அமர்கிறது. அதைத் திறந்தால், உள்ளே இருந்த கோப்புறைகள் யாவும் குறுக்குவழிச் சின்னங்களாக, அதாவது மூலையில் சிறிய வளைந்த அம்பு போட்ட படங்களாக, மாறியிருக்கும். 'கோப்புகள் போய்விட்டன' என்று பலர் பதறிப்போய் அச்சின்னங்களைச் சொடுக்குகின்றனர். அச்சொடுக்கே நோய்க்குக் கதவு திறக்கிறது. உண்மையில் கோப்புகள் போய்விடுவதில்லை, மறைத்து வைக்கப்பட்டிருக்கும். பென்டிரைவை ஸ்கேன் செய்து தீநிரலை நீக்கிய பின், மறைந்த கோப்புகளைக் காட்டும்படி விண்டோஸில் அமைத்தால் பெரும்பாலும் அனைத்தும் தெரியும். அவசரப்பட்டுப் பென்டிரைவை அழித்துவிட்டுப் படங்களை இழந்தோர் பலர்.

நோயா, மூப்பா?

கணினி மெதுவாக ஓடுகிறது என்பதனால் மட்டும் அது நோயுற்றது எனச் சொல்லிவிட இயலாது. பத்தாண்டுக் கணினியின் வட்டு தேய்ந்திருக்கலாம். நூற்பாலை ஊரில் பஞ்சுத் தூசி விசிறியை அடைத்திருக்கலாம். தூசியைத் துடைத்ததும் குணமான கணினிகள் உண்டு. ஆனால் நாம் நிறுவாத நிரல்கள் தோன்றுதல், உலாவியின் முதற்பக்கம் தானே மாறுதல், எதையும் திறவாதபோதே விசிறி விடாது இரைதல், நச்சுநிரல் எதிர்ப்பு நிரல் தானே அணைந்து மறுபடி இயக்க மறுத்தல், நாம் அனுப்பாத மின்னஞ்சல் நம் பெயரில் நண்பர்க்குப் போதல் ஆகியவை ஐயத்துக்கு இடமானவை. இவற்றுள் எதிர்ப்பு நிரல் அணைந்து கிடப்பதையே நாம் எல்லாவற்றிலும் மோசமான அறிகுறியாகக் கொள்வோம். திருடன் முதலில் விளக்கை அணைப்பான்.

இனி, நோயே இல்லாமல் நோய் உண்டென்று நம்ப வைப்போரும் இருக்கின்றனர். இணையத்தில் ஏதோ பார்த்துக்கொண்டிருக்கையில் திரை முழுதும் சிவந்து, அபாய ஒலி எழும்பி, 'உம் கணினியில் வைரஸ். உடனே இந்த எண்ணை அழையுங்கள்' என்ற அறிவிப்பு தோன்றும். அது ஒரு வெறும் இணையப் பக்கம். அதற்கு மேல் ஒன்றுமில்லை. மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் கொடுப்பதில்லை. அவ்வெண்ணை அழைத்தால், இனிமையாகப் பேசும் ஒருவன் 'எனிடெஸ்க்' போன்ற தொலைவிலிருந்து இயக்கும் நிரலை நிறுவச் சொல்வான். அந்நிரல் தன்னளவில் நல்லதே. ஆனால் முகமறியாதவனுக்கு அதன் எண்ணைச் சொல்வது, வீட்டுக்குள் அழைத்துப் பீரோவைத் திறந்து காட்டுவதற்கு ஒப்பாகும். உலாவியை மூடுங்கள். மூட மறுத்தால் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தி, வரும் பட்டியலில் உலாவியை நிறுத்துங்கள். தனியே இருக்கும் முதியோர் இவ்வலையில் எளிதில் விழுகின்றனர். ஆதலால் இல்லத்துப் பெரியவர்களுக்கு இதை ஒருமுறையாவது சொல்லி வையுங்கள்.

நீக்கும் முறை

கணினி நோயுற்றது என்று தெளிந்தால், முதற் கடமை மருந்து தேடுவதன்று, தொடர்பை அறுப்பது. வைஃபையை அணையுங்கள், கம்பி இருப்பின் உருவுங்கள். வெளி வட்டு, பென்டிரைவ் ஏதேனும் செருகியிருந்தால் கழற்றுங்கள். வேவு பார்க்கும் நிரலுக்குத் தபால் நின்றுபோகும். பரவும் நிரலுக்குச் சாலை அடைபடும். அதன்பின் அக்கணினியில் வங்கி வேலை எதுவும் கூடாது. மின்னஞ்சல், வங்கி ஆகியவற்றின் கடவுச்சொற்களை வேறொரு நல்ல கருவியிலிருந்து, கைப்பேசியிலிருந்தேனும், உடனே மாற்றிவிடுங்கள். நோயுள்ள கணினியிலேயே புதிய கடவுச்சொல்லைத் தட்டெழுதுவோர் புதுச் சாவியையும் கள்வனிடமே கொடுத்தவராவர். இன்னும் ஒன்று: கடவுச்சொல்லை மட்டும் மாற்றினால் போதாது. இக்காலத் திருட்டு நிரல்கள் உலாவியில் சேமித்திருக்கும் உள்நுழைவுச் சீட்டையே களவாடுகின்றன. கடவுச்சொல் இல்லாமலே நம் கணக்குக்குள் நுழைய அது போதும். ஆகையால் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குச் சென்று, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் கட்டளையையும் கொடுக்கவேண்டும்.

அடுத்துச் சோதனை. விண்டோஸ் 8 வெளியான 2012 முதல், 'டிஃபெண்டர்' என்னும் எதிர்ப்பு நிரல் விண்டோஸுடனேயே வருகிறது; காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்பதைத் திறந்து, அதில் நச்சுநிரல் பாதுகாப்புப் பகுதியில் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' என்பதைச் சொடுக்கினால் பல தேர்வுகள் தெரியும். விரைவுச் சோதனையோடு நின்றுவிடலாகாது. 'ஃபுல் ஸ்கேன்' என்னும் முழுச் சோதனையைத் தேர்ந்து, இரவு முழுதும் ஓடினாலும் ஓடவிடுங்கள். அதன்பின் 'ஆஃப்லைன் ஸ்கேன்' என்பதையும் செய்யுங்கள். இதில் கணினி அணைந்து எழும். விண்டோஸ் விழிப்பதற்கு முன்னரே சோதனை நடக்கும். ஏறத்தாழ 15 நிமிடம் பிடிக்கும். இதன் நன்மை யாதெனில், விண்டோஸ் ஓடும்போது தன்னை மறைத்துக்கொள்ளத் தெரிந்த தீநிரல், விண்டோஸ் உறங்கும்போது அசைய இயலாது. தூங்குகின்ற பாம்பைப் பிடிப்பது எளிதன்றோ!

டிஃபெண்டரே முடங்கிக் கிடந்தால் வேறு வழி வேண்டும். நண்பர் வீட்டு நல்ல கணினியில் மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்து 'சேஃப்டி ஸ்கேனர்' என்னும் இலவச நிரலை இறக்கிப் பென்டிரைவில் கொண்டு வரலாம். இறக்கிய 10 நாள்களுக்குள் அது காலாவதியாகிவிடும். எனவே பழையதை வைத்துக்கொண்டு பயனில்லை. இந்திய அரசும் 2017 பிப்ரவரியில் 'சைபர் ஸ்வச்தா கேந்திரா' என்னும் மையத்தைத் தொடங்கி, இதற்கான கருவிகளை இலவசமாக வழங்கச் செய்தது. 1991-இல் கேசவர்த்தனன் என்பார் சென்னையில் தொடங்கிய 'கே-7' நிறுவனத்தின் எதிர்ப்பு நிரல் இன்று பல நாடுகளில் விற்பனையாகிறது என்பதும் நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளத் தக்க செய்தி. கொண்டுசென்ற பென்டிரைவை வேலை முடிந்ததும் அழித்துப் புதிதாக்குதல் முறை.

சோதனையைச் செய்யவிடாமல் தீநிரல் இடையூறு செய்தால், 'சேஃப் மோட்' என்னும் பாதுகாப்பு நிலையில் கணினியை எழுப்பலாம். ஷிப்ட் விசையை அழுத்தியபடியே 'ரீஸ்டார்ட்' கொடுத்தால் நீலத் திரை ஒன்று வரும். அதில் 'டிரபிள்ஷூட்', பின்பு 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', பின்பு 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' எனச் சென்று, கணினி மீண்டும் எழும்போது 4 என்னும் எண்ணை அழுத்தவேண்டும். அந்நிலையில் இன்றியமையாத நிரல்கள் மட்டுமே ஓடும். தீநிரல்களிற் பெரும்பாலானவை எழுந்திருக்கமாட்டா. நாம் அறியாத நிரல்களைப் பட்டியலில் தேடி நீக்குவதற்கு அதுவே தக்க நேரம்.

உலாவியையும் மறந்துவிடலாகாது. 'கணினியில் எந்நேரமும் அசிங்கமான விளம்பரம் வருகிறது, பிள்ளைகள் முன் திறக்கவே கூசுகிறது' என்று வருந்தும் இல்லங்களில், பெரும்பாலும் குற்றவாளி உலாவியில் ஒட்டியிருக்கும் ஏதோ ஒரு நீட்சி நிரலோ, எப்போதோ 'அனுமதி' எனச் சொடுக்கிவிட்ட அறிவிப்பு உரிமையோ ஆகும். நீட்சிகளைத் திறந்து, தெரியாதவற்றை நீக்குங்கள். அறிவிப்புப் பகுதியில் தேவையற்ற தளங்களின் அனுமதியை ரத்துச் செய்யுங்கள். இதற்காகப் பிள்ளையைக் கடிந்துகொள்ளும் முன், அனுமதி கொடுத்தது யார் என்று விசாரிப்பது நியாயம். பல வேளைகளில் அது அப்பாவாக இருப்பதுண்டு.

இத்தனை செய்தும் நோய் திரும்ப வந்தால், வட்டை முழுதும் அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே வழி. பலர் இதற்கு அஞ்சுகின்றனர். நாம் அஞ்சவேண்டியதில்லை என்போம். ஐயத்தோடு ஓராண்டு வாழ்வதைவிட ஒரு நாள் உழைப்பு மேல். படங்கள், கடிதங்கள், கணக்குகள் ஆகியவற்றை மட்டும் வெளி வட்டில் எடுத்து, அதனையும் சோதித்த பின், நல்ல கணினியில் மைக்ரோசாஃப்ட் தரும் கருவியைக் கொண்டு 8 ஜிபி பென்டிரைவில் நிறுவல் வட்டு தயாரித்துக்கொள்ளலாம். பழைய நிரல்களை மட்டும் கூடவே எடுத்துச் செல்லவேண்டாம். வீட்டை வெள்ளையடித்த பிறகு பழைய கரையான் பெட்டியை உள்ளே தூக்கி வைப்பவர் உண்டா?

பூட்டப்பட்ட கோப்புகள்

எல்லா நோயினும் கொடியது, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் 'ரேன்சம்வேர்'. படங்களும் கடிதங்களும் இருக்கும் இடத்திலேயே இருக்கும், ஆனால் பெயரின் இறுதியில் புரியாத எழுத்துகள் சேர்ந்திருக்கும், ஒன்றும் திறவாது, அருகே ஒரு கடிதம், இத்தனை டாலர் கொடு என்று. 2017 மே 12 அன்று வெளிப்பட்ட 'வானாகிரை' சில நாள்களில் ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பிடித்தது. இங்கிலாந்தின் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அது புகுந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே, இரண்டு மாதங்களுக்கு முன்பே, வெளியிட்டிருந்தது என்பதுதான் வேதனை. 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் இவ்வாறு தாக்கப்பட்டபோது, பல நாள் சீட்டும் பேனாவும் கொண்டே பணி நடந்தது.

வீடுகளை மிகுதியாகப் பிடித்தது 'ஸ்டாப்' என்றும் 'டிஜெவு' என்றும் அழைக்கப்படும் குடும்பம். இது பெரும்பாலும் பரவும் வழி எது தெரியுமோ? விலை கொடுத்து வாங்கவேண்டிய மென்பொருளை இலவசமாகத் திறந்து தருவதாகச் சொல்லும் 'கிராக்' நிரல்கள். நம் ஊர்க் கடைகளில் கணினியைப் பழுது பார்க்கக் கொடுத்தால், கேளாமலே திருட்டு விண்டோஸையும் படம் திருத்தும் மென்பொருளின் திருட்டுப் பிரதியையும் ஏற்றித் தரும் வழக்கம் பரவலாக இருக்கிறது. ஏற்றுவதற்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று எதிர்ப்பு நிரலையும் அணைத்துவிடுகின்றனர். வாடிக்கையாளரும் மகிழ்கிறார்! அழையா விருந்தாளி என்று தலைப்பிட்டோம். உண்மையில் அவனை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தவர்கள் நாமே. எழுத்து வேலைக்கு லிப்ரே ஆபீஸ், படம் திருத்த ஜிம்ப் என நேர்மையான இலவச நிரல்கள் இருக்கையில் இவ்வழி எதற்கு?

பூட்டும் வேலை நடந்துகொண்டிருக்கையிலேயே கண்டால், கணினியை அக்கணமே அணையுங்கள். எஞ்சிய கோப்புகளாவது பிழைக்கும். பணம் செலுத்த வேண்டாம் என்பதே காவல் துறையினரின் பொதுவான அறிவுரை. செலுத்தினாலும் சாவி வரும் என்பதற்கு உறுதியில்லை. அதே வேளையில், பூட்டப்பட்ட கோப்புகளை அழித்துவிடவும் வேண்டாம். 2016 சூலையில் ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும், நெதர்லாந்துக் காவல் துறையும், சில பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 'நோ மோர் ரேன்சம்' என்னும் இணையதளத்தைத் தொடங்கின. கண்டுபிடிக்கப்பட்ட சாவிகள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. ஸ்டாப் குடும்பத்தின் 148 வகைகளுக்கான திறவுகோலை எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019 அக்டோபரில் வெளியிட்டது. அதற்கு முன் பூட்டப்பட்ட கோப்புகளைப் பொறுமையாக வைத்திருந்தோர் பலர் தம் பிள்ளைகளின் படங்களைத் திரும்பப் பெற்றனர். புதிய வகைகள் பலவற்றுக்கு இன்னும் சாவி இல்லை. இன்று திறவாதது நாளை திறக்கலாம் என்று ஒரு வட்டில் எடுத்து வைப்பதில் நட்டம் ஒன்றுமில்லை.

வருமுன் காத்தல்

புதுப்பிப்புகளை ஒத்திப் போடாதீர்கள் என்பது முதலாவது. விண்டோஸ் 7-க்கு 2020 சனவரி 14-இலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-இலும் மைக்ரோசாஃப்ட் தன் பொது ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10 வைத்திருப்போருள் பதிவு செய்துகொண்டவர்க்கு மட்டும் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் ஓராண்டு நீட்டிக்கப்பட்டன. பழைய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அவற்றைத் தூக்கி எறிய வேண்டுமென்பதில்லை; லினக்ஸ் ஏற்றினால் இன்னும் சில ஆண்டு உழைக்கும். அரசு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுக்குத் துணையாக வந்த 'பாஸ்' லினக்ஸை நம்மில் பெரும்பாலோர் திறந்தே பார்க்கவில்லை.

எதிர்ப்பு நிரல் ஒன்று இருந்தால் போதும். 2005-இல் அஞ்சல் தலையிலேயே இடம்பெற்ற இராஜபாளையம் நாயை வளர்த்தவர்க்குத் தெரியும்: தன் வீட்டைக் காக்கும், ஆனால் அதே வாசலில் இன்னொரு நாயைச் சகிக்காது. ஒரே கணினியில் இரண்டு எதிர்ப்பு நிரல்களைக் காவலுக்கு வைத்தாலும் இதே கதைதான். ஒன்றையொன்று திருடனென்று குரைத்துக்கொண்டிருக்கும், கணினி நகராது.

பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு அமைத்துக் கொடுங்கள். அது நிர்வாக உரிமை இல்லாத சாதாரணக் கணக்காக இருக்கட்டும். புதிய நிரல் ஏதேனும் நிறுவவேண்டுமாயின் பெற்றோரின் கடவுச்சொல் தேவைப்படும். பெற்றோரும் அன்றாட வேலைக்குச் சாதாரணக் கணக்கையே பயன்படுத்துதல் நன்று. இதில் பிள்ளைகளுக்கு ஒரு நீதி, பெரியவர்களுக்கு ஒரு நீதி என்றால் செல்லாது. கைப்பேசிக்கும் ஒரு சொல்: வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்றோ போக்குவரத்து அபராதம் என்றோ சொல்லி வரும் கோப்பு 'ஏபிகே' என முடிந்தால், அது பத்திரிகை அன்று, நிறுவக் காத்திருக்கும் ஒரு நிரல். வந்த எண் உறவினருடையதாகவே இருந்தாலும் திறக்கவேண்டாம். அவருடைய பேசியும் பிடிபட்டிருக்கலாம். அவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். கணக்கிலிருந்து பணம் போய்விட்டதாகத் தெரிந்தால், ஒரு நாழிகையும் தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். பணம் கைமாறிப் போகும் முன் வங்கிகளில் நிறுத்தி வைக்க முயல்வர். விரைவில் அழைத்தவர்க்கே அது பெரும்பாலும் பயன்பட்டிருக்கிறது. வெட்கப்பட்டு இரண்டு நாள் மறைத்து வைப்போர் பலர். அந்த இரண்டு நாள்தான் கள்வனுக்கு வேண்டியது.

இறுதியாக அந்த வெளி வட்டைப் பற்றி. நூறு எதிர்ப்பு நிரல்களைவிட, அலமாரியில் கம்பியில்லாமல் கிடக்கும் ஒரு வெளி வட்டு மேலானது என்று நாம் துணிந்து சொல்வோம். கூடங்குளத்தில் உலையைக் காத்த அதே இடைவெளிதான் இங்கே நம் படங்களையும் காக்கிறது. எப்போதும் கணினியில் செருகியே வைத்திருந்தால் பூட்டும் நிரல் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். ஆகவே பிரதி எடுத்ததும் கழற்றி எடுத்து வையுங்கள். வீட்டில் தீயோ வெள்ளமோ வந்தால் என் செய்வது என்று கேட்பவர், இன்னொரு பிரதியை உடன்பிறந்தார் வீட்டில் வைத்துவிட்டு, அவர்களுடையதைத் தம் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். ஒரு வீடு இராஜபாளையத்திலும் மற்றொன்று ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இருந்தால் மிகவும் வசதி. மாதம் ஒருமுறை, முதல் ஞாயிறு மாலை என்பதுபோல் ஒரு நாள் குறித்துக்கொண்டு பிரதி எடுங்கள். வட்டின் மேல் ஒரு தாளை ஒட்டி, எடுத்த நாளை மையால் எழுதி வையுங்கள். எழுதியதோடு விட்டுவிடாமல், உள்ளே இருக்கும் படங்களில் ஏதேனும் இரண்டைத் திறந்து, அவை உண்மையில் திறக்கின்றனவா என்று பார்த்த பின் வட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள்.